கண்ணுக்குத்தான் காசு

இந்த வாரத் தபால் கட்டைப் பிரித்தால் பாதிக் கடிதங்களில் புகை வாசனை. ஆகையால் தீயணைப்புச் சான்று, கட்டட ஆய்வு, அதற்கான கட்டணம் இவற்றுக்கே இந்தத் தடவை முழுப் பக்கமும்.

ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு
கே: வரி கட்டுகிறோம். அப்புறம் தீத்தடுப்பு ஆய்வுக்குத் தனியாக ஏன் கட்டணம்?
ப: வரி, கடை பற்றிக்கொண்டால் வண்டி வருவதற்கு. அணைத்துவிட்டு யாரும் உங்களிடம் பில் நீட்டுவதில்லை. கட்டணம், பற்றிக்கொள்ளாதபடி முன்கூட்டியே ஒருவர் வந்து பார்ப்பதற்கு. நாலு மாடிக்குத் துணி அடுக்கி வியாபாரம் செய்பவரும் தள்ளுவண்டியில் இட்லி விற்பவரும் அந்தச் செலவைச் சமமாகச் சுமக்க முடியாது. ஆனால் காசை வாங்கிக்கொண்டு, வாசலிலேயே காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் அதற்குப் பெயர் கட்டணம் இல்லை, கப்பம். காசு கண்ணுக்குத்தான், தாளுக்கு இல்லை.

கல்லூரி மாணவி, சேலம்
கே: என்.ஓ.சி. என்பதற்குத் தமிழில் என்ன?
ப: தடையின்மைச் சான்று. கையெழுத்துப் போடுகிறவர்களில் சிலர் ‘எனக்கு ஒன்றும் சிக்கலில்லை’ என்று புரிந்துகொள்கிறார்கள்.

பள்ளித் தாளாளர், பெரம்பலூர்
கே: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று. நாலு சான்றுக்கு நாலு அலுவலகப் படி ஏறுகிறேன். பள்ளிக்கூடம் நடத்துவது குற்றமா?
ப: 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மதிய உணவுச் சமையலறையில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான ஒரு மாடிப்படி. 94 குழந்தைகள். கூரை எரிந்து விழச் சில நிமிஷம்தான். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வரப் பத்து வருஷம், 2014 ஜூலை 30. நீங்கள் ஏறும் படிகளை அந்தப் படியோடு சேர்த்துப் பாருங்கள். ஆனாலும் உங்கள் புகாரில் பாதி நியாயம் உண்டு. நாலு துறையும் ஒரே நாளில் சேர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம். குழந்தைகளுக்கும் ஒரு நாள்தான் வகுப்பு கெடும்.

கல்யாண மண்டப மேலாளர், திருச்சி
கே: மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டால் எவ்வளவு குளிர்ச்சி! அதைப் போய் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?
ப: திருச்சிக்காரர் கேட்கக் கூடாத கேள்வி. 2004 ஜனவரி 23, உங்கள் ஸ்ரீரங்கம். மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தல், அதன் கீழே வீடியோ விளக்கு. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் போனார்கள். கும்பகோணம் நடந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. காவிரி ஸ்ரீரங்கத்தைத் தொட்டுவிட்டுக் கும்பகோணத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்கிறது. பாடம் மட்டும் போய்ச் சேரவில்லை. சட்டம் கேட்பதை விடுங்கள், தாலி கட்டும் நேரத்தில் மேலே என்ன இருக்கிறது என்று பெண் வீட்டார் அண்ணாந்து பார்த்தாலே போதும்.

ஃப்ளாட் வாங்கியவர், பெரும்பாக்கம்
கே: எங்கள் பில்டர் கட்டடத்தை 18.30 மீட்டருக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டார். விதியை ஏமாற்றிவிட்டாரா?
ப: இல்லை, விதியைப் படித்திருக்கிறார். 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம். கெடுபிடியும் அதற்கேற்ப ஏறும். கோட்டை எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் 18.29 மீட்டரில் தீ சாதுவாக எரியும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. பில்டர் நிறுத்திய இடத்தில் நீங்கள் தொடங்குங்கள்: படிக்கட்டின் அகலம், தண்ணீர்த் தொட்டி, வண்டி உள்ளே வர வழி. மூன்றையும் உங்கள் சங்கமே பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற பொறியாளர், மதுரை
கே: விதியை மீறிக் கட்டியவர்கள் வரன்முறைக் கட்டணம் கட்டினால் சரியாகிவிடுகிறதே, அது எப்படி?
ப: கல்லாப் பெட்டி நிறையும், கட்டடம் அப்படியேதான் இருக்கும். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு 1998-ல் நுழைந்தது. ‘இந்த ஒரு தடவைதான்’ என்ற அளவில் 2000-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் ஊரில் ‘ஒரு தடவைதான்’ என்பதற்கு என்ன பொருள் என்று குழந்தையிடம் மிட்டாய் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கெடு நீண்டது, நீதிமன்றம் தடுத்தது, பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவர்களுக்காக 113-சி வந்தது.

சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தை விழுங்கிய சுவருக்கு அபராதம் வாங்கலாம். அந்த அபராத ரசீதைக் காட்டினால் தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் ஒடுங்கிப் போகுமா? 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று பற்றிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடித்தார்கள். மன்னிக்கக் கூடிய மீறலும் உண்டு, கூடாததும் உண்டு. வெளியேறும் வழியில் கைவைத்ததைக் காசுக்கு மன்னிக்க அரசுக்கு உரிமை இல்லை. அந்த வழி அதில் ஓடப் போகிறவர்களுடையது.

ரசிகர், காரைக்குடி
கே: தியேட்டரில் கூட்டம் என்றால் நடைபாதையில் நாலு நாற்காலி போடுவது தப்பா?
ப: டெல்லி உப்ஹார் தியேட்டர், 1997 ஜூன் 13. பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் தீ, மேலே புகை. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சு முட்டி. 2015-ல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் இருவரும் தலா 30 கோடி கட்டச் சொன்னது. கூடுதல் நாற்காலிகளுக்கு எத்தனை டிக்கெட் கிழித்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி ஒருவர், மேற்கு மாம்பலம்
கே: தீப்பிடித்தால் லிஃப்டில் இறங்காதே என்கிறான் பேரன். எனக்கோ முட்டி வலி.
ப: பேரன் சொல்வதே சரி, அம்மா. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை எரிந்தது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள்; லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். புகைக்கு லிஃப்ட் வழி ஒரு புகைபோக்கி மாதிரி. மின்சாரம் நின்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முட்டி வலி உள்ளவர்களை யார் கைத்தாங்கலாக இறக்குவது என்று இன்றைக்கே பேரனோடு பேசி வையுங்கள். பேரன் மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

வீட்டுச் சொந்தக்காரர், தாம்பரம்
கே: 2,500 சதுர அடி மனை வரை சுயசான்று போதும் என்று 2024-ல் அறிவித்துவிட்டார்கள். அரசே பார்க்க வர மாட்டேன் என்கிறதே?
ப: 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டும் உங்களிடம் பார்க்க என்ன இருக்கிறது? தப்பு செய்தால் தூக்கம் கெடப்போவது உங்களுக்குத்தான். சின்ன வீட்டை விட்டுவிட்டு மால், மருத்துவமனை, விடுதி பக்கம் அதிகாரிகள் திரும்பினால் நல்லதே. மிச்சமான அந்த நேரம் அங்கேதான் போகிறதா என்று மட்டும் விடாமல் கேளுங்கள்.

ஆடிட்டர், கோவை
கே: ஆய்வைத் தனியாரிடமே விட்டுவிட்டால் என்ன?
ப: மகாராஷ்டிராவில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டட உரிமையாளர், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்கி ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுக்க வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு நல்ல மருந்து. பக்க விளைவும் உண்டு: கூலி கொடுப்பவரின் குறையைக் கூலி வாங்குபவர் சொல்ல வேண்டும். ஆடிட்டரான உங்களுக்கா நான் இதை விளக்குவது? தனியார் பார்க்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் அரசு ஒரு நாள் போய்ச் சரிபார்க்கட்டும். பொய்ச் சான்று என்றால் உரிமம் பறிபோகட்டும்.

வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்
கே: தீயணைப்பே தனியாரிடம் இருந்த காலம் உண்டாமே?
ப: உண்டு, லண்டனில். 1666-ல் நகரம் எரிந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்கென்று படை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் ஓர் உலோக வில்லை. 1861-ல் டூலி தெருக் கிடங்குகள் எரிந்து பெரும் நஷ்டம் வந்ததும், ‘எங்களால் ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கம்பெனிகளே அரசிடம் ஒப்படைத்துவிட்டன. லாபக் கணக்குப் பார்த்தவர்களே கைவிட்ட தொழில் அது.

பட்டாசுக் கடைக்காரர், விழுப்புரம்
கே: தற்காலிகக் கடைகளுக்கு நடுவே 3 மீட்டர் விடச் சொல்கிறார்கள். இடம் வீணாகிறதே?
ப: 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் பங்காளி வீட்டுக்கு எழுதியவை மாதிரிதான் இருக்கின்றன: ஒருவர் கடை இன்னொருவர் கடையைப் பார்த்தபடி இருக்கக் கூடாது, நடுவே இடம் விட வேண்டும், எண்ணெய் விளக்கு ஏற்றக் கூடாது, ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. வீண் என்று நீங்கள் சொல்லும் அந்த 3 மீட்டர்தான் பக்கத்துக் கடைக்காரரின் தவறிலிருந்து உங்களைக் காப்பது.

பெயர் வெளியிட விரும்பாதவர், ஓசூர்
கே: பார்க்க வந்தவர் ரசீதுக்கு மேல் கேட்கிறார். கொடுத்துத் தொலைக்கலாமா?
ப: 2018-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். இன்னொன்று: மேல்காசு கொடுத்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் முறையாகக் கட்டிய பணமோ அவர் கண்ணைத் திறப்பதற்கு. ஒரே கண்ணுக்கு இரண்டு முறை செலவா?

சட்ட மாணவர், செங்கல்பட்டு
கே: கட்டணத்தை எப்படி வைத்தால் நியாயம்?
ப: அமெரிக்காவில் பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை பார்க்க வந்தால் கட்டணம் சொற்பம், சில ஊர்களில் இல்லவே இல்லை. குறையைச் சொல்லியும் திருத்தாமல் மறுபடி மறுபடி வரவைத்தால்தான் கட்டணம் ஏறும். ஒழுங்காக இருப்பவருக்குச் செலவு குறைவு, சோம்பேறிக்கு அதிகம். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தெரிந்த நீதி: வீட்டுப் பாடம் எழுதாதவன்தான் நிற்க வேண்டும்.

புதுமணத் தம்பதி, அம்பத்தூர்
கே: வீட்டில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டோம். நிம்மதியாக இருக்கலாமா?
ப: மாட்டியதோடு நின்றால் அது சுவர் அலங்காரம். அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பின்னைப் பிடுங்கி, தீயின் அடிவாரத்தைக் குறிவைத்து, அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும். சின்ன சிலிண்டர் அரை நிமிஷம்கூட வராது. வேடிக்கை பார்க்க நேரமில்லை. வாணலி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்: அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடுங்கள். கல்யாணச் சீரில் வந்த தட்டுக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

தீயணைப்பு வீரரின் மகன், தூத்துக்குடி
கே: ஏப்ரல் 14-ல் எல்லார் வீட்டிலும் புத்தாண்டு. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா அஞ்சலி செலுத்தப் போய்விடுகிறார். ஏன்?
ப: 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் வெடித்தது. ஒரே கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும்! அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம் தீத்தொண்டு வாரம். கண் பார்க்கத் தவறியதற்கு உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் உயிரால் கட்டணம் கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் நீயும் கூடப் போ, தம்பி. பாயசம் காத்திருக்கும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி
கே: மொட்டை மாடிக் கதவைப் பூட்டாவிட்டால் திருடன் வருவானே?
ப: அமெரிக்காவில் ஹேம்லெட் என்ற சிற்றூரில் ஒரு கோழிக்கறித் தொழிற்சாலை. கோழி திருட்டுப் போகிறதென்று கதவுகளைப் பூட்டி வைத்தார்கள். 1991 செப்டம்பர் 3 அன்று தீ. 25 தொழிலாளர்கள் இறந்தார்கள். பதினோரு வருஷமாக ஒரு பாதுகாப்பு அதிகாரிகூட அந்த வாசலை மிதிக்கவில்லை.

செயலாளரே, இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் உங்கள் மாடிப்படியில் ஏறி அந்தக் கதவைத் தள்ளிப் பாருங்கள். வழியில் பழைய சைக்கிள், உடைந்த கட்டில் எத்தனை என்று எண்ணுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எழுந்திருப்பாரா என்று கேளுங்கள். இந்த ஆய்வுக்குக் கட்டணம் கிடையாது.