நெற்றியில் ஒரு பெருக்கல் குறி

கேமரன் மலையிலிருந்து இறங்கும் தேயிலைப் பெட்டிக்கு முத்திரை குத்தினால் பெட்டிக்கு வலிக்காது. பினாங்குக் காவல்துறை அந்தச் சலுகையைப் பெண்களுக்கும் வழங்கியது. 2011 ஜூனில் அங்குள்ள இரவு விடுதி ஒன்றில் அதிரடிச் சோதனை. பிடிபட்ட ஏறக்குறைய 30 வெளிநாட்டுப் பெண்களைச் சங்கிலியில் கோத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, படம்பிடிப்பவர்கள் முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். அடடா, என்ன நிர்வாகத் திறமை! நாட்டில் கோடிகளை விழுங்கியவர் நீதிமன்றம் வந்தால் கார்க்கதவைத் திறந்துவிட ஆள் உண்டு. மை மட்டும் இவர்களுக்கு.

இப்படிப்பட்ட இடங்களில் காசை நீட்டும் கனவான்களுக்கு நெற்றியே கிடையாதா? உண்டு. அது கும்பிடவும் தொழவும் ஒதுக்கப்பட்ட நெற்றி.

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 372பி இருக்கிறது: விலைக்கு ஆள் அழைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இனி, அடிபட்ட பாலியல் தொழிலாளி ஒருத்தி துணிந்து புகார் கொடுக்கப் போகட்டும். எங்கே நடந்தது? அங்கே உனக்கென்ன வேலை? பெர்மிட் எங்கே? மூன்றாவது கேள்வியில் புகார்க்காரி குற்றவாளி. அடித்தவன் அதற்குள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

அமெரிக்காவின் கேரி ரிட்ஜ்வே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவன். இந்தப் பெண்கள் காணாமல்போனால் எவரும் தேடமாட்டார்கள் என்று நம்பியே கொன்றான். 2003இல் ஒப்புக்கொண்ட கொலைகள் மட்டும் 48. பாலியல் தொழிலாளர்கள்மீதான வன்முறைக்கு எதிரான நாளாக டிசம்பர் 17 அந்த ஆண்டில்தான் பிறந்தது. அவனுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் ஊரிலுள்ள நல்லவர்கள்.

நல்லவர்களுக்கு இங்கேயும் பஞ்சமில்லை. ‘உடம்புப்பிடி நிலையத்தில் சோதனை, அழகிகள் கைது’ என்ற செய்தியைத் தேநீரோடு ருசிக்கிறோம். கைதாகும்போது மட்டும் அவள் அழகி. செத்தால் ‘அடையாளம் தெரியாத பெண்’. தோட்டத்துத் துரையும் கங்காணியும் கைவைத்தபோது லயத்துக்குள் வாய்பொத்தி நின்ற பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். சிரிப்பதற்கு நமக்கா உரிமை?

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது: பாலியல் தொழிலாளியையும் காவல்துறை மரியாதையோடு நடத்த வேண்டும், வன்கொடுமைக்கு ஆளானால் உடனே மருத்துவ உதவி தர வேண்டும், ஊடகங்கள் அவர்கள் படத்தை வெளியிடக் கூடாது. இதைச் சொல்லவே ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது வெட்கக்கேடு. அதையும் சொல்லாதிருப்பது அதைவிடக் கேடு.

அடிபட்டேன் என்று ஒருத்தி வந்து நின்றால் முதலில் அடித்தவனைப் பிடியுங்கள். அவள் என்ன தொழில் செய்கிறாள் என்பது அவனுக்கான மன்னிப்புச் சீட்டு அல்ல.