நீச்சல் தடாகம் இல்லாத போராட்டம்

2022 ஜூலை 9. கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். நீச்சல் தடாகத்தில் குதித்தார்கள். அந்தப் படம் போகாத நாடில்லை. வெளிநாட்டு நிருபர்கள் குவிந்தார்கள். ஆகா, இலங்கை விழித்துவிட்டது என்று எழுதினார்கள்.

விழித்திருந்தவர்கள் முன்பே இருந்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகவும் வவுனியாவிலும் அம்மாக்கள் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் பிள்ளைகளின் படம். வாயில் ஒரே கேள்வி: யுத்தம் முடிந்தபோது இராணுவத்திடம் நாங்களே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே? பாவம், அவர்களுக்குச் செய்தித் தொழில் தெரியாது. கொட்டகை போட்டவர்கள் பக்கத்திலேயே ஒரு நீச்சல் தடாகமும் வெட்டியிருக்க வேண்டாமா?

நிருபர் அங்கேயும் போவார். யுத்தம் முடிந்ததன் நினைவு நாள் வரும் மே மாதம் பார்த்துப் போவார். ஓர் அம்மா ஒரு மணி நேரம் பேசுவார். அச்சில் ஒரு வரி வரும், அழுதார் என்று. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1981இல் எரிந்த யாழ். நூலகம், 1983 ஜூலை, எல்லாம் ‘நீண்டகால இனப்பகை’க்குள் அடங்கிவிடும். கூட்டிப்போய், மொழிபெயர்த்துக் கொடுத்த உள்ளூர்ப் பத்திரிகையாளரின் பெயர் வராது. நிருபர் விமானம் ஏறுவார். விசாரணைக்கு ஆள் வருவது உள்ளூர்க்காரர் வீட்டுக்கு.

கேட்டால் நடுநிலை என்பார்கள். அந்த நடுநிலையை 2009இல் பார்த்தோம். 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களை யுத்தம் நடந்த வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது அரசு. நிருபர்களுக்கும் வழி அடைப்பு. உள்ளே மருத்துவமனைகள்மீது எறிகணை விழுந்தது. அரச மருத்துவர்களே தொலைபேசியில் சொன்னார்கள். செய்தியின் கடைசி வரி: ‘சுயாதீனமாக உறுதிசெய்ய முடியவில்லை.’ வழியை அடைத்தவர் கேட்டதும் இதைத்தானே! 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011இல். புதைத்து, புல்லும் முளைத்த பிறகு.

எல்லோரும் அப்படியல்ல. நிருபர் மேரி கொல்வின் 2001இல் அனுமதி இல்லாமல் வன்னிக்குப் போனார். திரும்பும் வழியில் ஒரு கண்ணின் பார்வை போனது. 2009 மே மாதம் இடம்பெயர்ந்தோர் முகாம்களின் நிலையைக் காட்டிய சேனல் 4 தொலைக்காட்சிக் குழுவை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பார்த்தவருக்கு இந்தக் கூலி. பார்க்காதவருக்கு விசா நீட்டிப்பு.

அந்த மாளிகையின் ஜனாதிபதி கோட்டாபய ஓடியபோது மட்டும் உலகமே தேடியது. மாலைதீவு, சிங்கப்பூர், தாய்லாந்து. எந்த விமானம், எத்தனை நாள் விசா, எல்லாம் நிமிடக் கணக்கில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கைபேசியில் அவர் விமானத்தைப் பின்தொடர்ந்தார்கள். ஏழே வாரத்தில் மனிதர் பத்திரமாகத் திரும்பி வந்தார். அவர் பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகளைத் தேடத்தான் ஒருவரிடமும் கைபேசி இல்லை.