சாய்ஞ்சா சாயட்டும் விடு, பேராண்டி

வா கண்ணு, வா. வண்டியை அந்த வேப்பமரத்து நெழல்ல ஓரம் கட்டு. மோர் ஊத்தட்டா? இன்னா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது? வளைவுல வண்டி சாயுதா? அட, அதுக்கா இந்தத் துக்கம்! உங்க தாத்தன் சந்தையிலிருந்து ராத்திரி வந்தப்ப சாய்ஞ்ச சாய்வுக்கு நாங்க எந்தக் கம்பியைப் போட்டு நிமிர்த்தினோம்?

சரி, செல்லுல இன்னாவோ காட்டுறியே, கிட்ட கொண்டா. செவப்பு ஸ்பிரிங்கு. உசரத்தைத் திருகி எறக்குற ஷாக்கு. தடிச்ச ஸ்டெபிலைசர் கம்பி. வெலை இன்னா? அடேங்கப்பா. இரு, கொஞ்சம் உப்பு போட்டுக்கறேன், நெஞ்சு அடைக்குது.

நான் பள்ளிக்கூடம் போகாதவன்தான். ஆனா இந்த மோர்ப்பானையை பந்தயத் தளத்துக் கேட்டாண்ட வெச்சுக்கினு வருசக்கணக்கா உக்காந்தவன். முன்னாடி சோழவரத்துல, யுத்தகாலத்து ஏரோப்ளேன் தரையிலதான் பந்தயம் நடக்கும். அப்பால மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகாரங்க 1990ல இங்க ஒரு தளம் போட்டாங்க. ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர், பன்னெண்டு வளைவு. 2005ல பார்முலா ஒன் ஓட்டின நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்துல மாருதி இஞ்சின் வெச்ச குட்டி வண்டியில சுத்தினது இங்கதான். ஷெட்டுல வேலை செய்யற பசங்க மோர் குடிச்சுக்கினே பேசுவாங்க. காதுல விழுந்ததை நான் காசு வாங்காமச் சொல்றேன். மோருக்கு ஒண்டி காசு.

எங்க வீட்டுல ரெண்டு வண்டி இருந்துச்சு. ஒண்ணு கட்டை வண்டி. அச்சு மேல நேரா பலகை, ஸ்பிரிங்கு கிஸ்பிரிங்கு எதுவும் கெடையாது. இன்னொண்ணு வில்வண்டி. இரும்புப் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வில்லா வளைச்சுக் கட்டியிருப்பாங்க. பொண்ணு மாப்பிள்ளை போற வண்டி. ஏரிக்கரை முனை திரும்பினா வில்வண்டி நல்லாச் சாயும். கட்டை வண்டி இருக்குதே, அது ஒரு விரக்கடைகூடச் சாயாது.

ஆனா தை மாசத்துல வைக்கோல் பாரம் ஏத்திக்கினு அதே முனையில எது கவிழ்ந்துச்சு? கட்டை வண்டி! உன் தாத்தனும் வைக்கோலோட ஏரியில. சாயாத வண்டிடா அது. நேரா நின்னுச்சு, அப்பால படுத்துடுச்சு. நடுவுல ஒரு பேச்சு மூச்சு இல்ல.

ஏன்னு கேளு. ஒரு பையன் மண்ணுல குச்சியால போட்டுக் காட்டின கணக்கு இது. 1,100 கிலோ வண்டி. அதோட கனத்துக்கு நடு தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உசரம். இந்தப் பக்கச் சக்கரத்துக்கும் அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஒன்றரை மீட்டர். வண்டி எடையில பாதி அளவுக்கு வளைவு பக்கவாட்டுல தள்ளுதுன்னு வெச்சுக்க. சுமாரா 200 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவிடும். இந்தக் கணக்குல ஸ்பிரிங்கு எங்க வருது? வரவே இல்ல. நீ கம்பியை எவ்ளோ தடியாப் போட்டாலும் அந்த 200 கிலோ தாவத்தான் தாவும். பந்தய வண்டி ஏன் தரையில கோரைப்பாய் மாதிரி படுத்துக் கெடக்குதுன்னு இப்ப புரியுதா? கனம் கீழ, அகலம் கூட. இதே ஊர்ல 1998ல ஹூண்டாய் கம்பெனியிலிருந்து மொத சான்ட்ரோ வந்தப்ப, அலமாரிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குதுன்னு நாங்க சிரிச்சோம். தலை இடிக்காம உக்காரணும்னா உசரம் வேணும், உசரம் வந்தா சாய்வும் கூடவே வரும்.

மொறைக்காத. உன் பக்கமும் ஞாயம் இருக்குது. வண்டி ரொம்பச் சாய்ஞ்சா டயரும் கூடச் சாய்ஞ்சு ஓரத்துல ஒண்டி நிக்கும். அதைக் கொறைச்சா பிடி கொஞ்சம் கூடும், ஸ்டியரிங்கைத் திருப்பினா ஒடனே கேக்கும். நெசந்தான். ஆனா அந்தக் கம்பி இருக்குதே, அது நுகத்தடி மாதிரி. ரெண்டு மாட்டையும் சேத்துப் பூட்டுது. ஒரு மாடு பள்ளத்துல கால் வெச்சா இன்னொண்ணுக்கும் கழுத்து வலிக்கும். 20 மில்லி கம்பியை எடுத்துட்டு 22 போடப் போறியா? ரெண்டு மில்லிதானேன்னு நெனைக்காத, விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காவும். முன்னாடி ஒண்டி போட்டா, நீ திருப்புவே, வண்டி நேராப் போயி டீக்கடையில நிக்கும். பின்னாடி ஒண்டி போட்டா, மழைநாள்ல வால் உன்னை முந்திக்கினு வந்து வணக்கம் சொல்லும். பந்தயத்துல பின்னாடி விறைப்பா வெச்ச வண்டிங்க வளைவுல உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கும், நாய் கம்பத்தாண்ட தூக்குற மாதிரி. பார்க்க அழகுதான். ஆனா அங்க தளம் கண்ணாடி மாதிரி. நீ சுங்குவார்சத்திரத்துல கன்டெய்னர் லாரிக்குப் பின்னால போறவன்.

இன்னொண்ணு. வேகத்தடை எத்தினி உசரம், எத்தினி அகலம் இருக்கணும்னு இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வெச்சிருக்குது. நம்ம ஊர்ல ராத்திரியோட ராத்திரியா மண்வெட்டியால தட்டி வெக்கிறவன் அந்தப் புத்தகம் படிச்சவனா? நீ ஸ்பிரிங்கை 4 சென்டிமீட்டர் எறக்கிக்கினு வந்தா அடிவயிறு தேயும். மிச்சம் பிடிக்கிறேன்னு எவனாச்சும் பழைய ஸ்பிரிங்கையே அறுத்து உசரம் கொறைச்சுத் தர்றேன்னு சொன்னா, அந்தக் கடையாண்ட செருப்பைக்கூடக் கழட்டாத.

ஹூண்டாய்க்காரனே 2021ல ஐ20 என் லைன்னு ஒண்ணு விட்டப்ப சஸ்பென்ஷனை விறைப்பாக்கித்தான் குடுத்தான். ஆனா கொஞ்சூண்டு. அவனாண்ட இல்லாத கம்பியா? அந்த வண்டியில உன்னை மாதிரி எளவட்டம் ஒண்டியா ஏறும்? இடுப்பு வலிக்காரியும் ஏறுவா இல்ல.

உன் வண்டி எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்குது? எம்பதாயிரமா? ஷாக்கு மாத்தினியா? இல்ல. லிங்க் ராடு? கடகடன்னு நீ வர்ற சத்தம் தெருமுனையிலயே கேட்டுச்சுடா, நான் பால்காரன்னு நெனைச்சு சொம்பை எடுத்தேன். ரப்பர் புஷ்ஷெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். டயரைப் பாரு, என் தலை மாதிரி வழவழன்னு இருக்குது. மொதல்ல நல்ல டயரு போடு, காத்து சரியா வை, புஷ்ஷும் ஷாக்கும் மாத்து, அலைன்மென்ட் பாரு. ஷாக்கு சாய்வைக் கொறைக்காது; ஆனா தொபுக்குனு சாயறதை மெதுவாச் சாய வெக்கும். உனக்குப் பயம் குடுக்கறது பாதி அந்தத் தொபுக்குதான். இதெல்லாம் பண்ணி ஒரு மாசம் ஓட்டு. அப்பவும் அரிச்சா, கொஞ்சம் தடிச்ச கம்பி ஒண்ணு போட்டுக்க.

இன்னா, ஏற்கனவே ஆர்டர் போட்டாச்சா? போட்டுட்டு வந்துதான் கெழவனாண்ட ரோசனை கேக்குறியா! கெட்டிக்காரன், தாத்தனை உரிச்சு வெச்சிருக்கே.

அப்ப ஒண்ணு செய். கழட்டிப் போடற பழைய ஸ்பிரிங்கு நாலையும் எனக்குக் குடு. பழைய இரும்பு வெலைதான் தருவேன். கோணியில சுத்திப் பரண்ல வெக்கிறேன். ஆவணியில உன் கல்யாணம். மறுவீட்டுக்கு மாமியாரைப் பின்சீட்டுல வெச்சுக்கினு ஒரகடம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வா. அன்னிக்கே ஸ்பிரிங்கு தேடிக்கினு வருவே. வெலையை அப்பப் பேசிக்கலாம்.

மோரு இருபது ரூபா.