குளிசை எண்ணத் தெரியுமோ, பிள்ளை?

வா மோனை, இரு. பம்பைமடுக் கம்பசிலை படிக்கிற பிள்ளை நெளுக்குளத்துக்கு வந்து, மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகப்போறன் அப்பு எண்டால் எனக்கும் பெருமைதான். வெள்ளைக் கோட்டுத் தைச்சாச்சோ? அதைப் போட்டுப் போட்டோவும் எடுத்தாச்சோ? அப்ப அரைவாசிப் படிப்பு முடிஞ்சுது.

உங்கடை கம்பஸ் 2021இலை தனிப் பல்கலைக்கழகமாகியும் உங்கை மருத்துவ பீடம் இல்லையெண்டு மூஞ்சையைத் தொங்கப்போடாதை. ஆராய்ச்சியிலை டொக்டர் ஒரு ஆள். கேட்டு எழுத, இரத்தம் சோதிக்க, கணக்குப் பாக்க எண்டு அவரைச் சுத்திப் பத்துப் பேர் வேணும். எங்கடை இலங்கையிலையே மூண்டு பிறசர் மருந்தைக் குறைஞ்ச அளவிலை ஒரே குளிசையாக்கி, 700 நோயாளியளை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குக்குக் குடுத்துப் பாத்தவை. ஆறு மாசத்திலை அந்தக் குளிசை எடுத்தவையிலை நூற்றுக்கு 70 பேருக்குப் பிறசர் கட்டுக்குள்ளை வந்துது. வழமையான வைத்தியத்திலை 55 பேருக்குத்தான். 2018இலை அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையிலையும் வந்துது. 700 பேரையும் திரும்பத் திரும்பக் கிளினிக்குக்கு வரப்பண்ணினது ஆர் எண்டு நினைக்கிறாய்? கோட்டோ?

இன்னொரு கதை கேள். மதராசிலை 1956இலை காசநோய் ஆராய்ச்சிக்கெண்டு ஒரு நிலையம் துடங்கினவை. 193 நோயாளியளைப் பிரிச்சு, ஒரு பங்குக்குச் சனற்றோரியத்திலை கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பங்குக்கு ஒடுங்கின வீட்டிலை, இருக்கிற கஞ்சியோடை அதே மருந்து. ஒரு வருசம் போகப் பாத்தால் சுகப்பட்டது கிட்டத்தட்டச் சமன். வீட்டுச் சனத்துக்குக் கூடுதலாத் தொத்தவும் இல்லை. பேந்து உலகத்திலை கன இடங்களிலை சனற்றோரியக் கட்டிலுகள் வெறிச்சோடிப் போச்சு.

வீட்டிலை இருந்தவை மருந்தை ஒழுங்கா எடுத்தவை எண்டதை எப்பிடி நம்பினவை? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டி, மிஞ்சிக் கிடந்த குளிசையை எண்ணினவை. சலத்தை வாங்கி, மருந்து உள்ளுக்கை போச்சுதோ எண்டும் சோதிச்சவை. உன்னை அனுப்பினால் ஒரு கையிலை போன், மற்றக் கையிலை குளிசை. பதினேழோ பதினெட்டோ, போகட்டும் இருவது எண்டு எழுதிப்போட்டு வந்துடுவாய். உப்பிடி நாலு பேர் எழுதினால் ஒரு நல்ல மருந்து செத்துப்போம், இல்லாட்டில் ஒரு கெட்ட மருந்து பிழைச்சுப்போம்.

அதாலை முதல் வேலையா அந்த ரிப்பெக்ஸ் போத்திலை எறி. பிழையா எழுதினால் ஒரு கோடு இழு. கீழை இருக்கிறது வாசிக்க வேணும். பக்கத்திலை சரியானதை எழுதித் திகதி போடு, உன்ரை சின்னக் கையெழுத்தை வை. வடிவான கொப்பியைக் கண்டால் வாத்திமார் சந்தோசப்படுவினம். ஆராய்ச்சியைச் சரிபாக்க வாறவனுக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்தது சம்மதப் பத்திரம். எங்கடை சனம் 2009இலை யுத்தம் முடிஞ்சு முகாமுக்குள்ளை துடங்கி எத்தினை போமிலை கையெழுத்து வைச்சிருக்கும்? வீட்டுக்கு ஒண்டு, நிவாரணத்துக்கு ஒண்டு, காணாமல் போன பிள்ளைக்கு ஒண்டு. பேனையைக் கண்டாலே கை தன்ரைபாட்டிலை நீளும். கிட்னி வருத்தம் எண்டு சலமும் இரத்தமும் கிணத்துத் தண்ணியும் போத்தில் போத்திலாக் குடுத்தவையும் இருக்கினம். முடிவு சொல்லத் திரும்பி வந்த ஆளை இன்னும் பாத்துக்கொண்டிருக்கினம். அந்த ஆச்சி உனக்கு "ஓம் ராசா" எண்டால் அது மரியாதை. அதைச் சம்மதமெண்டு எழுதிப்போட்டு வராதை. "மாட்டன் எண்டாலும் உங்கடை கிளினிக் மருந்து நிக்காதணை" எண்டு சொல்லு. பேந்து, "நான் சொன்னதை எனக்கு ஒருக்காச் சொல்லணை" எண்டு கேள். ஆச்சி முழிச்சால் பிழை உன்னிலை, திரும்பத் துடங்கு.

உங்கடை சேர்மாருக்கும் சொல்லு, அப்பு சொன்னது எண்டு சொல்லாமல். பொடியளைப் போட்டோக் கொப்பி எடுக்க விட்டுட்டுப் பயிற்சி எண்டு சேர்ட்டிபிக்கற் அடிக்க வேண்டாம். விடியக் கிளினிக் வாங்கிலிலை கூட்டிக்கொண்டுபோய் இருத்தட்டும். பின்னேரம் கொப்பியை வாங்கி, கோடு இழுத்த இடங்களை ஒண்டொண்டா ஏன் எண்டு கேக்கட்டும். வழிகாட்டி தேடேக்கை பட்டத்தைப் பாக்காதை. உன்ரை பிழையை வாசிக்க நேரம் உள்ள ஆளைப் பிடி.

சரி, கொண்டுவந்த போமை எடு. எனக்கும் பிறசர் இருக்கு, வாசி கேப்பம். முழுக்கக் கேட்டுப்போட்டு, எனக்கு வேண்டாம் மோனை எண்டு சொல்லுவன். முகம் கோணாமல் எழும்பிப் போனியெண்டால் நீ பாஸ். ரெண்டாந்தரம் கெஞ்சினியெண்டால், கோட்டை வித்துப்போட்டுக் காப்புறுதிக் கொம்பனிக்குப் போ. அங்கை உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.