இரண்டாம் இடத்துச் சனி

உருண்டையான பந்தை உதைத்து ஆடும் ஆட்டத்திலேயே எந்த நிமிஷத்தில் என்ன நேரும் என்று சொல்ல முடியாதபோது, இரு முனையும் கூர்த்து நீண்டிருக்கும் ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியும், எறிந்தும், எப்போதாவது ஞாபகம் வந்தாற்போல் காலால் உதைத்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தின் போக்கை முன்கூட்டியே அறிவிக்கத் துணிகிறவர்கள் அசகாய சூரர்களாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வயதுப் பிள்ளை நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்பதையே பெற்ற தாயாரால் சொல்ல முடிவதில்லை. ஆயினும் அந்நாட்டுப் பத்திரிகையாளர்கள் 1936 முதல் பருவம் தவறாமல் வாக்களித்து, தேசத்தின் தலைசிறந்த அணிகள் இன்னின்னவை என்று வாராவாரம் வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறார்கள். நம் ஊர் வார ராசிபலனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமெல்லாம், ராசிபலன் எழுதுகிறவரின் சென்ற வாரத்து வாக்கை இந்த வாரம் யாரும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான்.

இந்த ஜோதிட சாஸ்திரம் அடியோடு குப்புற விழுந்த வருஷம் 2007. அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஆன் ஆர்பர் நகரில், என் மகள் வீட்டில் தங்கியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால், பேச்சுத் துணைக்கு எனக்கு இருந்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, மோட்டார்த் தொழிலில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மற்ற விஷயங்களில் வெகு நிதானமான மனிதர். 4 முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரியின் வசம் போய்விடும் என்ற மூல மந்திரத்தை எனக்கு உபதேசித்தவர் அவரே. ஆட்டத்தின் நேரம் 60 நிமிஷம் என்றும் அவர்தான் சொன்னார். அந்த 60 நிமிஷம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்பதை நானாகத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி, பருவத்தின் முதல் சனிக்கிழமை. வரிசையில் ஐந்தாவதாக வீற்றிருந்த மிச்சிகனை எதிர்த்து ஆட, வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள பூன் என்ற சிற்றூரிலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் பல்கலைக்கழகத்தின் அணி வந்திருந்தது. அது அப்போது கீழ்ப்படியில் ஆடிய அணி. அந்தப் படியில் தொடர்ந்து இரண்டு வருஷம் பட்டம் வென்றிருந்தாலும், மேல்படிக்காரர்களின் கணக்கில் அது சேர்த்தி இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பருவத் தொடக்கத்தில் இப்படிச் சிறிய அணி ஒன்றைப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த மைதானத்தில் வைத்து மொத்தி அனுப்புவது அங்கே ஒரு சம்பிரதாயம். அந்தத் தடவை மொத்து வாங்குவதற்கு நிச்சயித்த கூலி 4 லட்சம் டாலர்.

ஆட்டத்தை ஒளிபரப்பிய தொலைக்காட்சி அலைவரிசை பிறந்தே இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு வரும் கேபிளில் அது கிடையாது. முழங்கால் வலி காரணமாக மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்த பெரியவர், ஒரு வாரமாகக் கேபிள்காரர்களைத் திட்டித் தீர்த்த பிறகு, மஞ்சளும் நீலமுமான பனியனை அணிந்து, ஒரு சிறிய ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் அமர்ந்தார். பாதி ஆட்டம் முடிந்தபோது அப்பலாச்சியன் 28, மிச்சிகன் 17 என்று ரேடியோ சொல்லிற்று. பெரியவர் ரேடியோவைத் திருப்பி வைத்து, பின்புற மூடியைக் கழற்றி, பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பனியனில் துடைத்து, மறுபடி பொருத்தினார். அப்போதும் அது 28, 17 என்றே சொல்லிற்று.

கடைசிக் கட்டத்தில் மிச்சிகன் எப்படியோ ஒரு புள்ளி முந்தியது. ஆட்டம் முடிய 26 விநாடி இருக்கையில் அப்பலாச்சியன் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி சேர்த்து 34க்கு 32 என்று ஆக்கியது. மிச்சிகன் ஒரே வீச்சில் பாதி மைதானத்தைத் தாண்டி, ஓர் உதையில் ஜெயித்துவிடக்கூடிய தூரத்துக்கு வந்து, அந்த ஓர் உதையை உதைத்தும் விட்டது. எதிரணியான் ஒருவன் பாய்ந்து குறுக்கே விழுந்து அதைத் தடுத்தான். திண்ணையில் வெகு நேரம் பேச்சில்லை. பிறகு பெரியவர், அந்த அலைவரிசையைத் தெருவுக்குள் விடாத கேபிள்காரர்கள் புண்ணியவான்கள் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஆட்டம் நடந்தது லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த ஆன் ஆர்பரில். அங்கே ஜெயத்தைக் கொண்டாடக் கோல் கம்பத்தைப் பிடுங்குவதற்கு யாருக்கும் மனம் இருக்கவில்லை. பூன் ஊரிலோ, மாணவர்கள் ஆளே இல்லாத தங்கள் சொந்த மைதானத்துக்குள் புகுந்து, அன்று எந்தப் பாவமும் அறியாத கோல் கம்பத்தைச் சாய்த்து, ஊர்வலமாகத் தூக்கிச் சென்று, பல்கலைக்கழக வேந்தர் வீட்டு வாசலில் சமர்ப்பித்தார்கள். பத்திரிகையாளர்களும் சும்மா இருக்கவில்லை: கீழ்ப்படி அணிகளுக்கும் இனி வாக்களிக்கலாம் என்று அந்த வாரமே விதியைத் திருத்தினார்கள். பலன் பலிக்காதபோது பஞ்சாங்கத்தைத் திருத்துவது எல்லா தேசத்துக்கும் பொது.

இதற்குப் பிறகுதான் வரிசையின் இரண்டாம் இடத்தில் சனி பகவான் வந்து உட்கார்ந்தார். அக்டோபர் 6ஆம் தேதி, இரண்டாம் இடத்திலிருந்த தென் கலிஃபோர்னியாவை எதிர்த்து, முந்திய வருஷம் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் ஜெயித்திருந்த ஸ்டான்ஃபோர்டு வந்தது. பந்தயக்காரர்கள் 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்திருந்த அந்த அணி, முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி நடத்திய ஒரு மாற்று ஆட்டக்காரனைத் தலைவனாக வைத்துக்கொண்டு, 24க்கு 23 என்று ஜெயித்துவிட்டுப் போயிற்று. அடுத்த வாரம் அந்த ஆசனம் கலிஃபோர்னியாவுக்குக் கிடைத்தது. அன்றைக்கென்று முதலிடத்துக்காரரான லூயிசியானா ஸ்டேட், கென்டக்கியிடம் மூன்று கூடுதல் ஆட்டம் ஆடித் தோற்றுப்போக, கலிஃபோர்னியா தன் ஆட்டத்தில் ஜெயித்தால் நாட்டின் முதல் அணி என்ற நிலை. மூன்று புள்ளி பின்தங்கி, எதிரியின் எல்லையை நெருங்கி, சில விநாடிகளே மிச்சமிருக்கையில், பந்தை வெளியே எறிந்து கடிகாரத்தை நிறுத்தவேண்டிய இளம்பிள்ளை, வீர ஆவேசம் வந்து தானே பந்தோடு ஓடினான். அவனைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள்; கடிகாரம் மட்டும் தடையின்றி ஓடி முடிந்தது.

சனிக்கிழமையில் ஆடுவதால் அல்லவா இந்த வினை என்று எண்ணினால், அடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்த தென் ஃபுளோரிடா ஒரு வியாழக்கிழமை இரவில் ஆடி ரட்கர்ஸிடம் தோற்றது. அதாவது குரு பார்வையும் கைகொடுக்கவில்லை. பாஸ்டன் கல்லூரி, ஆரிகன், கான்சஸ் என்று வரிசையாக வந்து அமர்ந்தவர்களெல்லாம் வரிசையாகவே இறங்கினார்கள். கடைசியாக மேற்கு வர்ஜீனியா. டிசம்பர் 1ஆம் தேதி, 11 ஆட்டங்களில் நான்கே ஜெயித்திருந்த பிட்ஸ்பர்கைச் சொந்த மைதானத்தில் தோற்கடித்துவிட்டால் பட்டப் போட்டிக்குப் போகலாம் என்றிருந்த அவர்கள், 13க்கு 9 என்று தோற்றார்கள். அன்றிரவே முதலிடத்து மிசௌரியும் ஓக்லஹோமாவிடம் தோற்றது.

அந்த நாளில் பட்டப் போட்டிக்குரிய இருவரை, இரண்டு வாக்கெடுப்புகளும் ஆறு கம்ப்யூட்டர்களும் கலந்து ஆலோசித்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு இருந்தது. மூன்றாம் இடத்திலிருந்த ஓஹையோ ஸ்டேட், தன் ஆட்டங்களை முன்பே முடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபடியால், தோற்பதற்குச் சந்தர்ப்பமே இல்லாமல் முதலிடம் பெற்றது. முதலிடத்தில் இருந்தபோதெல்லாம் கவனமாகத் தோற்று, இரண்டு தோல்வியோடு ஏழாம் இடத்தில் கிடந்த லூயிசியானா ஸ்டேட், ஒரே தாவலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. சனி பகவான் அலுத்துப்போய் இடம் மாறிவிட்டார் போலும்: ஜனவரி 7ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் 38க்கு 24 என்று ஜெயித்து, அதுவே பட்டம் சூடிற்று. நிபுணர்கள் மறுநாளே இதற்குரிய காரணங்களைத் தெளிவாக விளக்கினார்கள்.

பத்தாயிரம் மைல் தாண்டி வந்த எனக்கு, இத்தனை ஏமாற்றத்தையும் இந்த ஜனங்கள் எப்படிச் சகிக்கிறார்கள் என்பது முதலில் புரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், பருவத்துக்கு ஓர் அணி ஆடுவது 12 ஆட்டம்தான்; ஒன்றில் சறுக்கினாலும் கௌரவம் போயிற்று. ஆகவே மைதானத்துக்கு வருகிற லட்சம் பேரும் ஜெயத்தைப் பார்க்க வருகிறவர்களாகத் தோன்றவில்லை; ஜெயம் கைநழுவிவிடுமோ என்று மூன்றரை மணி நேரம் வயிற்றைப் பிசைந்துகொள்ளும் சுகத்துக்காகவே வருகிறார்கள். ராசிபலன் ஒரு வருஷம் முழுக்க அப்படியே பலித்துவிட்டால், அடுத்த வருஷம் டிக்கட் வாங்க ஒருவரும் இருக்கமாட்டார்.

பெரியவரின் மிச்சிகனோ, முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, பிறகு தொடர்ந்து எட்டு ஜெயித்து, கடைசி இரண்டில் மறுபடி தோற்று, ஜனவரி முதல் தேதி, அவ்வருஷத்து உயர் விருது பெற்ற ஆட்டக்காரரைக் கொண்டிருந்த ஃபுளோரிடாவை 41க்கு 35 என்று வென்று, பயிற்சியாளரைத் தோளில் தூக்கி வழியனுப்பி வைத்தது. அன்று மாலை பெரியவர் வேலியோரம் வந்து என் கையைக் குலுக்கி, "அடுத்த வருஷம் நம்முடையதுதான், பாருங்கள்" என்றார்.

அடுத்த வருஷம் மிச்சிகன் 3 ஆட்டத்தில் ஜெயித்து 9 ஆட்டத்தில் தோற்றது. அந்த அணி தன் சரித்திரத்தில் அதுவரை அத்தனை தோல்விகளை ஒரே பருவத்தில் கண்டதில்லை. ஊருக்குத் திரும்பிவிட்ட நான், டெலிபோனில் மகளிடம் பெரியவரைப் பற்றிக் கவலையோடு விசாரித்தேன். "நன்றாகத்தான் இருக்கிறார், அப்பா. உங்களிடம் சொல்லச் சொன்னார், அடுத்த வருஷம் நிச்சயமாம்" என்றாள். அவ்வளவு ஜோதிடர்கள் நிறைந்த தேசத்தில் ஒரு நாளும் பொய்க்காத ஆரூடம் அது ஒன்றுதான்; எந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்பதை அவர் கடைசி வரை சொல்லவே இல்லை.