கார்டு இருக்கு, கையப் புடிச்சுப் பாக்க ஆளிருக்கா?

வாடா மருமவனே, உக்காரு. வலை பொத்தணும்னு மூணு நாளா கூப்புடறேன், வரல. இன்சூரன்ஸ் பாலிசிக்கு யோசனை கேக்கணும்னா மட்டும் மாமன் நெனப்பு வருது. நான் ஆறாங்கிளாஸோட நின்னவன். ஒனக்குச் சொல்றதுக்கு என்னைய விட்டா வேற ஆளேது?

அஞ்சு லட்சமா? எனக்கும் அஞ்சு லட்சம்தான். 2018ல ஆயுஷ்மான் பாரத் வந்துச்சு. 2024 அக்டோபர்ல, எழுவது தாண்டுன அத்தனை பேருக்கும் வருமானம் பாக்காமக் கார்டுன்னாங்க. ஓடிப்போயி வாங்கிட்டேன். பூசை மாடத்துல காரைக்கால் அம்மையார் படத்துக்குப் பக்கத்துல இருக்கு. மாங்கனித் திருநாளுக்கு ரெண்டுக்கும் சேத்துத்தான் பொட்டு வச்சா ஒங்க அத்தை.

போன ஐப்பசில நெஞ்சைப் பெசஞ்சுச்சு. எந்த ஆசுபத்திரின்னு கேக்காத, நாளைக்கும் நான் அங்கதான் போயாவணும். நெஞ்சுக்குப் பாக்குற மிசினு பளபளன்னு இருந்துச்சு. பூப்போட்ட துணியால மூடி, மேல ஒரு சில்வர் தூக்குவாளி வச்சிருந்தாங்க. "மிசினு இருக்கு தாத்தா, பாக்குற டாக்டர் செவ்வாக்கெழமைதான் வருவாரு"ன்னுச்சு அந்த நர்ஸ் பொண்ணு. அன்னிக்கு வெள்ளி. "சரிம்மா, நெஞ்சுகிட்டச் சொல்லி செவ்வா வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன்"னேன். அது சிரிக்கல, பாவம். அதுவும் எத்தனை பேருக்கு இதையே சொல்லும்?

அம்மையார் தலையாலேயே கயிலாயத்துக்கு நடந்தாங்க. நான் வாடகைக் கார்ல படுத்துக்கிட்டே தஞ்சாவூருக்குப் போனேன். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல். அங்க ஒரு தனியார் ஆசுபத்திரியில பாத்துட்டு வாயுன்னுட்டாங்க. படுக்க வைக்கல. படுக்காதவனுக்குக் கார்டு பேசாதாம். கார் காசு, டெஸ்ட்டுக் காசு எல்லாம் என் மடியிலேர்ந்துதான். எனக்கு ஆபத்தான வியாதி இல்லைன்னு ஒங்க அத்தை அழுதாளா சிரிச்சாளான்னே தெரியல.

ஒன் பாலிசியையும் படிச்சுப் பாரு. பெரும்பாலும் 24 மணி நேரம் படுத்தாத்தான் பணம். படுக்கணும்னா பெட்டு வேணும். பெட்டுல போடணும்னா டாக்டர் எழுதணும். டாக்டர் எழுதணும்னா டாக்டர் இருக்கணும். கம்பெனிக்காரன் மேல தப்பில்லடா, அவன் பணம் தர்றேன்னுதான் சொன்னான், டாக்டர் தர்றேன்னு சொன்னானா?

டாக்டர் வெளையாத ஊருன்னும் சொல்லிட முடியாது. 2016லேர்ந்து ஜிப்மர் நம்ம காரைக்கால்லயே எம்பிபிஎஸ் சொல்லிக் குடுக்குது. ஆனா எறா குஞ்சு அரசலாத்து மொகத்துவாரத்துல தின்னு வளந்துட்டு ஆழக்கடலுக்குப் போயிடுதுல்ல? அந்தக் கதைதான். குஞ்சைக் கோவிச்சு என்ன பண்ண? கரையோரம் தங்குறதுக்கு என்ன எரை போட்டோம்?

வாஞ்சூர் தாண்டுனா நாகூரு, தமிழ்நாடு. அங்க ஒன் மச்சானுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு. நம்ம ரேஷன் கார்டு புதுச்சேரி, அது நமக்குக் கெடையாது. ஒரே கொசு ரெண்டு பேரையும் கடிக்குது. அதுக்கு மாநிலம் தெரியல.

வேணாம்னா சொல்றேன்? வாங்கு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து 18 சதவீத வரிகூட இல்ல. ஆனா மொத 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுக்கும் பணம் வராது, காய்ச்சல்கிட்டச் சொல்லி வச்சுடு. ஏற்கெனவே இருக்குற சர்க்கரைக்கு 36 மாசம் வரைக்கும் காத்துக்கிட்டிருக்கச் சொல்லலாம். முன்ன 48 மாசம், 2024ல கொறச்சாங்க. "சர்க்கரையை எழுதாதீங்கண்ணே"ம்பான் ஏஜென்ட்டு. எழுதாத. பில்லு போறப்ப, நீ தொலைச்ச பழைய ரத்தச் சீட்டையெல்லாம் அவங்களே தேடிக் கண்டுபுடிச்சுத் தருவாங்க, பணத்தைத் தவிர. சிரிக்காதடா, உள்ளதை உள்ளபடி எழுது.

இதென்ன, தவணை மே மாசத்துல வச்சிருக்கான்? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். படகு கரையில கெடக்குறப்பப் பணத்துக்கு எங்க போவ? தைக்கு மாத்தச் சொல்லு.

அப்புறம் அந்த ஆசுபத்திரி லிஸ்ட்டை எடு. சென்னை, கோயம்புத்தூரெல்லாம் கெடக்கட்டும். காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், இத மட்டும் பென்சில்ல வட்டம் போடு. ஒவ்வொண்ணுக்கும் ராத்திரி பத்து மணிக்குப் போனு அடி. பணம் கட்டாமச் சேத்துக்குவீங்களான்னு கேக்காத, அதுக்கு எல்லாரும் ஆமாம்பான். இப்ப நெஞ்சு டாக்டர் உள்ள இருக்காரான்னு கேளு.

ஏஜென்ட்டு எப்ப வர்றான்? கூப்புட்டா அடமழையிலயும் அர்த்தராத்திரியிலயும் வந்து நிக்கிறானாமே! அந்தப் பயல எம்பிபிஎஸ் படிக்க வச்சிருக்கலாம்டா. சரி சரி, ஊசியை எடு, வலையப் புடி.