இ.டி. செல்லை மதிப்பிடுவது எப்படி?

உங்கள் பொறியியல் கல்லூரியின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையத்தை, அதாவது எல்லோரும் ‘இ.டி. செல்’ என்று சொல்லும் அந்தப் பூட்டிய அறையை, மதிப்பிட்டு அறிக்கை தரச் சொல்லி முதல்வர் உத்தரவு போட்டிருக்கிறாரா? பதற வேண்டாம். முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அடுத்து, தலையை எண்ணுங்கள். கருத்தரங்குக்கு 200 பேர் வந்தால் 200 தொழில்முனைவோர். வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு தரும் ஓ.டி.க்காக வந்தவன், ஏ.சி.யில் தூங்க வந்தவன் என்று பிரிக்க ஆரம்பித்தால் வேலை முடியாது. பொன்னாடை போர்த்தும் போட்டோவில் சிறப்பு விருந்தினர் கண்ணை மூடிவிட்டால் இன்னொரு முறை போர்த்துங்கள். தேசிய ஸ்டார்ட்அப் தினம் ஜனவரி 16. நமக்கோ அது பொங்கல் லீவு. பேனரில் 16 என்று அச்சடித்து 11-ஆம் தேதியே கொண்டாடிவிடலாம். ஜியோடேக் படத்தில் தேதி விழுந்துவிடும், அது ஒன்றுதான் இடைஞ்சல்.

கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள்.

தொழில்முனைவுப் பாடத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களை அளக்கும் விபரீதம் மட்டும் வேண்டாம். நெதர்லாந்தில் ஊஸ்டர்பீக், வான் பிராக், ஐசல்ஸ்டைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். ஒரே கல்லூரியின் இரண்டு வளாகங்கள். ஒன்றில் மாணவர்கள் கூடிச் சிறு கம்பெனி நடத்தும் பாடம் உண்டு, மற்றதில் இல்லை. 2010-இல் வெளியான முடிவு: திறமை கூடியதாகத் தெரியவில்லை, தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்துவிட்டது. தொழில் என்றால் என்ன, தன்னால் எவ்வளவு முடியும் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கலாம் என்றார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பாடம் வெற்றி. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த பிறகு புரிவதைவிட 19 வயதில் புரிவது மலிவு. ஆனால் இதை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வரும் நாளில் உங்களை லைப்ரரிப் பக்கம் நிற்க வைத்துவிடுவார்கள்.

மாணவர்கள் தொடங்கிய கம்பெனிகளைக் கணக்குக் காட்டப் பதிவுச் சான்றிதழ் போதும். இன்னும் மூச்சு இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்பது நாகரிகமில்லை.

கடைசியாக, ஹாஸ்டலில் இரவு பதினொரு மணிக்கு மேல் கெட்டிலில் மேகி போட்டு விற்கும் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பையன். முதலுக்குமேல் லாபம் பார்க்கிறான், கடனுக்கு நோட்டு வைத்திருக்கிறான், பரீட்சை வாரத்தில் விலையை ஏற்றுகிறான். அவன் இ.டி. செல் வாசலையே மிதித்ததில்லை. அதனால் கணக்கில் வரமாட்டான். வார்டன் அவனுக்குப் போட்ட அபராத ரசீது மட்டும் நாக் குழு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.